நூறு டாலர் மடிக்கணினியின் கதை

ஏழை நாட்டுப் பள்ளிக்கு முதலில் தேவை ஆசிரியரா, கணினியா? 2005ஆம் ஆண்டு இந்தக் கேள்வி உலக அரங்கிற்கே வந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மாநாட்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, நூறு டாலரில் மாணவர்களுக்கு மடிக்கணினி தரும் திட்டத்தை முன்வைத்தார். அரசாங்கங்கள் மொத்தமாக இலட்சக்கணக்கில் வாங்கினால் விலை தானாக இறங்கும் என்பது அவரது கணக்கு. பிள்ளைகள் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்த்தே நன்கு கற்கின்றனர் என்ற சீமோர் பாப்பர்ட்டின் கல்விச் சிந்தனைதான் திட்டத்தின் அடித்தளம்.

நவம்பரில் துனிஸ் நகரில், அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னான் முன்னிலையில் மாதிரிக் கணினி காட்டப்பட்டது. மின்சாரம் இல்லாத ஊருக்கென்று அதன் பக்கவாட்டில் சுழற்றும் கைப்பிடி ஒன்று இருந்தது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் படம் பிடித்தன. ஆனால், 2007 நவம்பரில் தொழிற்சாலையிலிருந்து வந்த கணினியில் அந்தக் கைப்பிடியைக் காணோம்! விலையும் ஏறத்தாழ 190 டாலர்.

அதற்காக அதை மட்டமான பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரையைச் சுட்டெரிக்கும் வெயிலிலும் படிக்கலாம். தூசும் தண்ணீரும் புகாத ரப்பர் விசைப்பலகை. அருகருகே உள்ள கணினிகள் கம்பியில்லாமல் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். 

இந்தியா 2006லேயே மறுத்துவிட்டது. வகுப்பறையும் ஆசிரியருமே அவசரத் தேவை என்றது கல்வித் துறை.

தென் அமெரிக்காவில் இரண்டு நாடுகள் துணிந்து இறங்கின. உருகுவே 2007 மே மாதம் வில்லா கார்டால் என்ற சிற்றூரில் தொடங்கி, 2009க்குள் அரசாங்கத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் வழங்கியது. அதற்கென்றே 'செய்பால்' என்ற அமைப்பை ஏற்படுத்தி, பள்ளிகளுக்கு இணையம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றையும் கவனித்தது. சிறிய நாடு என்பதும் அதற்குச் சாதகம்.

பெரு வாங்கியதோ ஏறக்குறைய ஒன்பது இலட்சம் கணினிகள். மலைக் கிராமப் பள்ளிகள் பலவற்றில் இணையம் இல்லை. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. சிந்தனைத் திறன் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்தால் போதும், பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

2020இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, உருகுவே மாணவர்கள் செய்பாலின் இணையத்தளங்கள் வழியே பாடத்தைத் தொடர்ந்தனர். பெருவிலோ அரசாங்கம் வானொலியையும் தொலைக்காட்சியையும் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. கிராமப்புற மாணவர்களுக்காக மறுபடியும் கைக்கணினிகள் வாங்க ஆணையிடப்பட்டது.