புதுக்கோட்டை நகரின் வீதிகளும் நீர்வழிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழ்நாட்டின் பழைய சமஸ்தானத் தலைநகரங்களுள் ஒன்று புதுக்கோட்டை. இங்கு வரும் வெளியூர்க்காரர் முதலில் கவனிப்பது நகரின் நேரான வீதிகளை. கீழ ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என அரண்மனையைச் சுற்றி நான்கு வீதிகள் உள்ளன. அவற்றுக்கு வெளியே கீழ 2ஆம் வீதி, வடக்கு 3ஆம் வீதி, தெற்கு 4ஆம் வீதி எனத் திசையும் எண்ணும் சேர்ந்த பெயர்களோடு தெருக்கள் விரிகின்றன. திசையும் எண்ணும் தெரிந்தால் முகவரியைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வீதிகள் திட்டமிட்டுப் போடப்பட்டவை. நகரின் குடிநீரும் கழிவுநீரும் செல்லும் வழிகள் அப்படி ஒரே காலத்தில் திட்டமிடப்படவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் நகருக்கு வந்தன. இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கும் இந்த இடைவெளியே காரணம்.

நிலமும் ஏரிகளும்

புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கிடையாது. நகருக்குத் தெற்கே செல்லும் வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். நிலத்தின் பெரும்பகுதி பாறையும் செம்புறாங்கல்லும் கலந்தது. ஆகவே மழைநீரைத் தேக்கி வைப்பதே இங்கு வாழ வழியாக இருந்தது. ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் அப்படி உருவானவை. மாவட்டத்தின் பல ஏரிகளில் கல்வெட்டுடன் கூடிய குமிழித் தூம்புக் கற்கள் இன்றும் நிற்கின்றன. ஏரிக்குக் குமிழி அமைத்துக் கொடுப்பது பெயர் பொறிக்கத்தக்க கொடையாக இருந்ததை அவை காட்டுகின்றன.

இந்த நீர்நிலைகள் தனித்தனியாக இயங்குவதில்லை. மேட்டில் உள்ள கண்மாய் நிரம்பினால் உபரி நீர் கலிங்கு வழியாக வெளியேறி, வரத்துவாரி என்னும் கால்வாய் மூலம் அடுத்த கண்மாயைச் சேரும். ஒரு வரத்துவாரி அடைபட்டால் கீழே உள்ள குளம் வறண்டுபோகும். மேலே உள்ள பகுதியில் வெள்ளம் தேங்கும். நகரம் வளர்ந்ததும் இந்தச் சங்கிலியின் நடுவில்தான். நகரின் தென்மேற்கில் உள்ள கவிநாட்டுக் கண்மாய், நடுவில் உள்ள பல்லவன்குளம், குடிநீர்க்கென்று பேணப்பட்ட புதுக்குளம் ஆகியவை இதை நினைவூட்டுகின்றன.

தீக்குப் பின் எழுந்த வீதிகள்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வேரூன்றியது. தொடக்கத்தில் தலைநகரம் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊராக இருந்தது. கூரை வீடுகளும் குறுகிய சந்துகளுமே அதிகம். 1812இல் ஏற்பட்ட தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது.

அப்போது விஜய ரகுநாதத் தொண்டைமான் அரியணையில் இருந்தார். 1807இல் சிறுவயதில் பட்டமேற்ற அவருக்கு, தஞ்சாவூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த மேஜர் வில்லியம் பிளாக்பர்ன் ஆலோசகராக இருந்தார். தீக்குப் பின் பழைய சந்துகள் மீண்டும் எழ விடப்படவில்லை. ஒன்றையொன்று நேர்க்கோணத்தில் வெட்டும் அகலமான வீதிகள் போடப்பட்டன.

இதை ஆங்கிலேயர் யோசனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மதுரையிலும் திருவரங்கத்திலும் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள் அமைவது தமிழர் நன்கறிந்த முறை. புதுக்கோட்டையில் அந்த இடத்தில் அரண்மனை இருந்தது. பழைய வீதி அமைப்பும் புதிய அளவுக் கோடும் இங்கே பொருந்திப்போயின.

வீதியை நேராகப் போடுவது மன்னரின் ஆணையால் முடிந்த வேலை. எரிந்துபோன நிலத்தில் தடுப்பதற்கும் எதுவும் இல்லை. நீர் அப்படி ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கே அது ஓடும். வீதிகளின் கோடும் நிலத்தின் சரிவும் ஒன்றாக அமையாத இடங்களில், தெரு நேராக இருந்தாலும் மழைநீர் தேங்கத்தான் செய்யும்.

சேஷையா சாஸ்திரியின் பணிகள்

நகரின் நீர்நிலைகளைச் சீர்செய்தவர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர் அ. சேஷையா சாஸ்திரி (1828–1903). திருவிதாங்கூரில் திவானாக இருந்த இவர், 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தார். தென்னிந்தியாவை உலுக்கிய 1876–78 பெரும் பஞ்சத்தின் வடு ஆறாத நேரம் அது. 1886இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவராக அரியணை ஏறியபோது, திவான் ரீஜென்ட் என்ற பொறுப்பில் 1894 வரை சாஸ்திரியே ஆட்சியை நடத்தினார்.

அவர் காலத்தில் சாலைகள் சீரமைக்கப்பட்டன. பொது அலுவலகக் கட்டடம் எழுந்தது. பல்லவன்குளமும் புதுக்குளமும் தூர்வாரிப் புதுப்பிக்கப்பட்டன. புதுக்குளம் நகர மக்களின் குடிநீருக்கு முக்கிய ஆதாரமானது. அலுவலகம் கட்டுவதையும் குளம் தூர்வாருவதையும் ஒரே நகரப் பணியின் பகுதிகளாக அவர் கருதினார். குளம் சுத்தமாக இருந்தால்தான் ஊர் நோயின்றி இருக்கும் என்பது காலராவைக் கண்ட அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும்.

அதே நூற்றாண்டில் லண்டன் மாநகரமும் இந்தப் பாடத்தைக் கற்றது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றில் கலந்த கழிவின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. அதன் பின்னரே பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் பெரும் கழிவுநீர்க் குழாய்த் திட்டத்துக்கு வழி பிறந்தது. உலகின் பணக்கார நகரமும் தண்ணீர் போகும் வழியைப் பற்றித் தாமதமாகவே சிந்தித்தது.

நகராட்சியும் சுத்தம் செய்தவர்களும்

1912இல் புதுக்கோட்டை நகராட்சி ஆனது. 1929இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. மறு ஆண்டு பாதை மானாமதுரை வரை நீண்டது. சந்தையும் பள்ளிகளும் அலுவலகங்களும் பெருகின. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. புதிய அரண்மனை ஆட்சியர் அலுவலகமாக மாறியது.

இத்தனை வளர்ச்சிக்கும் இடையில் கழிவகற்றம் மட்டும் பழைய முறையிலேயே நீண்ட காலம் தொடர்ந்தது. தமிழக நகரங்கள் எல்லாவற்றிலும் நிலை இதுதான். எடுப்புக் கக்கூசுகளிலிருந்து மலத்தைக் கையால் அள்ளி, தலையில் சுமந்து அகற்றும் வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. குழாய் போட வேண்டிய செலவை நகரங்கள் மனித உடலின் மீது ஏற்றிவைத்தன என்றே சொல்ல வேண்டும். இதைத் தடைசெய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இலும், செப்டிக் டேங்க், சாக்கடைக் குழி ஆகியவற்றையும் சேர்த்த விரிவான சட்டம் 2013இலும் வந்தன. கழிவுநீர்த் திட்டத்தை வெறும் பொறியியல் செய்தியாகப் படிக்கும் மாணவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது.

அருகே தஞ்சாவூரில் ஒரு மாற்றுப் பார்வை

சமஸ்தானத்துக்கு வெளியே, சென்னை மாகாணத்தில் நகரமைப்புப் பற்றிய விவாதம் அந்தக் காலத்தில் சூடு பிடித்திருந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1914–15இல் மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேரான சாலைகள் போடும் யோசனையை அவர் ஏற்கவில்லை. தேவையான இடத்தில் மட்டும் சிறிதாகத் திருத்தி, மரங்களையும் சிறு வெளிகளையும் காக்கலாம் என்றார். குளங்களைத் தூர்ப்பதற்குப் பதிலாகத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971இல் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. முழுமைத் திட்டம் இன்றும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் தயாரிக்கப்படுகிறது.

காவிரி நீர் வந்த பிறகு

மக்கள் தொகை பெருகியதும் குளமும் கிணறும் போதவில்லை. திருச்சிப் பக்கம் காவிரியில் நீர் எடுத்து, குழாய் வழியே புதுக்கோட்டைக்குக் கொண்டுவரும் திட்டங்கள் உருவாயின. சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் ஆற்று நீர் வீட்டுக் குழாயில் வந்தது பெரிய மாற்றம். குடத்துடன் நெடுந்தூரம் நடந்த பெண்களின் உழைப்பு இதனால் குறைந்தது.

ஆனால் இந்த நன்மையோடு இரண்டு விளைவுகளும் சேர்ந்தே வந்தன. முதலாவது, குடிநீர் தராத குளத்தின் மீது ஊரின் கவனம் தளர்ந்தது. குடிக்கும் குளத்தில் யாரும் குப்பை கொட்ட விடமாட்டார்கள். குடிக்காத குளத்துக்கு அந்தக் காவல் இருப்பதில்லை. இரண்டாவது, வீட்டுக்குள் வரும் நீர் கழிவாக வெளியே போயாக வேண்டும்.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள் தொகை 1,17,630. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது இந்தியப் பொறியியல் வழிகாட்டி நெறி. அந்த அளவில் நாளொன்றுக்குச் சுமார் 1.59 கோடி லிட்டர் தேவை. வழங்கும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகும் என்று கொள்வது வழக்கம். அப்படியானால் தினமும் சுமார் 1.27 கோடி லிட்டர் கழிவுநீர் எங்காவது சென்று சேர வேண்டும். அதற்கென வழி செய்யாவிட்டால் அது பழைய வரத்துவாரியில் இறங்கி, குளத்தைப் போய்ச் சேரும். மழைநீருக்காக வெட்டிய கால்வாய்கள் பல தமிழக நகரங்களில் சாக்கடைகளானது இப்படித்தான்.

தொலைவிலிருந்து வரும் நீரை மட்டுமே நம்புவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் மாவட்டத்தின் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. மின்சாரம் இல்லாமல் மோட்டார்கள் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டிகள் நிரம்பவில்லை. பல ஊர்களில் மக்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றினர். திறந்த கிணறு உள்ள வீடுகளைத் தேடிப் போயினர்.

பாதாளச் சாக்கடையும் சாலையும்

கழிவுநீர்க் குழாயில் நீர் பெரும்பாலும் சரிவினால் ஓடுகிறது. கழிவு அடியில் தங்காமல் இருக்க அதன் வேகம் நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டராவது இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் அடைப்பு உண்டாகும். சரிவு கிடைக்க வேண்டுமானால் குழாய் போகப்போக ஆழமாகப் பதிக்கப்பட வேண்டும். புதுக்கோட்டை போன்ற பாறை நிலத்தில் ஆழமாகத் தோண்டுவது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. ஆழம் மிகுந்த இடத்தில் கழிவுநீர் ஏற்று நிலையம் அமைத்து, நீரை மேலே தூக்கி, மீண்டும் சரிவில் விட வேண்டும்.

எனவே நிலமட்ட அளவீடுதான் திட்டத்தின் முதல் வேலை. அதன் பின் கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கடைசியில் சாலை என்பதே முறையான வரிசை. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே, சற்று விலகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிவு ஏற்படும்போது குடிநீர் மாசுபடும். புதுக்கோட்டையில் 200 ஆண்டுகளுக்கு முன்பே சாலை வந்துவிட்டது. மற்றவை பின்னர் வந்தன. ஆகவே ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் போட்ட சாலையை வெட்ட வேண்டியிருக்கிறது.

இதில் 1812இன் திட்டம் இன்றும் ஒரு வகையில் உதவுகிறது. நேரான, அகலமான வீதியில் குழாய் பதிப்பதும், ஆள்நுழைவுக் குழிகளை ஒழுங்கான தொலைவில் அமைப்பதும், இயந்திரத்தைக் கொண்டு அடைப்பு எடுப்பதும் எளிது. மனிதரைக் குழிக்குள் இறக்காமல் இருக்க இயந்திரம் நுழையும் அகலத்தில் தெரு வேண்டும். அந்த வசதி பழைய நகருக்கு இருக்கிறது. பிற்காலத்தில் மனை மனையாகப் பிரித்து விற்கப்பட்ட புறநகர்த் தெருக்களுக்குப் பல இடங்களில் அது இல்லை.

மாநகராட்சியாகும் நகரம்

2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகரம் அதற்கு முன்பே எல்லையைத் தாண்டி வளரத் தொடங்கியிருந்தது. 2017இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி முள்ளூரில் அமைந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

சுற்றியுள்ள ஊராட்சிகள் மாநகராட்சியுடன் சேரும்போது ஊர்மக்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. ஊராட்சி வார்டாக மாறினால் ஊரக வேலை உறுதித் திட்டம் அங்கு இருக்காது. அது ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. கூலி போவதோடு இழப்பு நிற்பதில்லை. கண்மாய் தூர்வாருவதும் வரத்துவாரி வெட்டுவதும் பல ஊர்களில் அந்தத் திட்டத்தின் மூலமே நடந்துவந்தன. இனி அந்த வேலையை யார் செய்வது என்று முடிவாகவில்லை என்றால், கழிவுநீர்க் குழாய் வந்து சேர்வதற்கு முன்பே வரத்துவாரி தூர்ந்துபோகும். அதன் மேல் மனைகள் முளைத்துவிட்டால் மீட்பது அரிது.

ஆகவே புதிய பகுதிகளுக்கான வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை கண்மாய்களும் அவற்றை இணைக்கும் வாரிகளுமே. மழைநீர் வடிகால் அவற்றை ஒட்டிச் செல்ல வேண்டும். கழிவுநீர் அவற்றில் கலக்காதபடி தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். சாலை இவற்றுக்குப் பின் வரட்டும். 1812இல் எரிந்துபோன நிலம் கிடைத்ததால் ஒரு தலைமுறை நேரான வீதிகளைப் போட்டது. இன்று நகரின் விளிம்பில் வீடு கட்டப்படாமல் இருக்கும் நிலம் அதைப் போன்ற வாய்ப்பு. இது மனைகளாக மாறி முடிவதற்குள் நீர் வரும் வழியும் போகும் வழியும் அங்கே அளந்து குறிக்கப்பட வேண்டும்.