வீடு தேடி வரும் ஆய்வு: பதிவு பெற்ற நேனிகள் அறிந்திருக்க வேண்டியவை

இங்கிலாந்தில் வாழும் நம் சகோதரிகளில் சிலர், பிற குடும்பங்களின் பிள்ளைகளை அவர்களுடைய வீட்டுக்கே சென்று பராமரிக்கும் 'நேனி' வேலையைச் செய்கிறார்கள். பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் "ஆஃப்ஸ்டெட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறோம்" என்று தொலைபேசி வந்தால் பலருக்குக் கை கால் ஓடுவதில்லை. அந்த ஆய்வு எதற்காக, அதற்கு எப்படித் தயாராவது என்பதை இங்கே பார்ப்போம்.

பதிவு ஏன்?

பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பே ஆஃப்ஸ்டெட். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள் உண்டு.

ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளும் நேனிக்குப் பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் தன்னார்வப் பதிவேட்டில் சேரலாம். இதனால் பெற்றோருக்குப் பயன் உண்டு. பதிவு பெற்ற நேனிக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு அவர்கள் 'டேக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர்' உதவியைப் பெறலாம். அவர்கள் செலுத்தும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை இப்படிக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இது 4,000 பவுண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாச்சி, மாமி, பாட்டி போன்ற நெருங்கிய உறவினர் பிள்ளையின் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தால், அவர் பதிவு பெற்றிருந்தாலும் இந்த உதவி கிடைக்காது.

ஆய்வு எப்படி நடக்கும்?

இப்பதிவேட்டில் மட்டும் உள்ளவர்களில் சுமார் 10 சதவீதத்தினரை ஆஃப்ஸ்டெட் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு செய்கிறது. யாரைப் பற்றியாவது புகார் வந்தாலும் ஆய்வு நடக்கும். எனவே பதிவு பெற்று ஆண்டுகள் பல கடந்தும் யாரும் வராமல் இருக்கலாம். அடுத்த வாரமே வரவும் செய்யலாம்.

பள்ளிகளுக்குப் போல இதில் தரவரிசை கிடையாது. பதிவின் நிபந்தனைகள் 'நிறைவேற்றப்பட்டுள்ளன' அல்லது 'நிறைவேற்றப்படவில்லை' என்பதே முடிவு. குறை இருந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்வார்கள். குறை கடுமையானதாக இருந்தால் பதிவை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நீங்கள் வேலை செய்வது பிறர் வீட்டில். ஆகவே இப்படி ஓர் ஆய்வு வரக்கூடும் என்று வேலையில் சேரும்போதே அந்த உம்மா வாப்பாவிடம் சொல்லி வையுங்கள். வருபவர் ஆணாகவும் இருக்கலாம். தயக்கம் இருந்தால், அந்த நேரத்தில் பிள்ளையின் தாயார் வீட்டில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே கதவைத் திறந்து விடுங்கள். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது.

1. டி.பி.எஸ். சான்றிதழ். இது குற்றப் பின்னணிச் சோதனைக்கானது. இதன் 'அப்டேட் சர்வீஸில்' சேர, சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

2. குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ். பொதுவாக 3 ஆண்டுகளுக்கே செல்லும். காலாவதியாகும் முன்பே அடுத்த வகுப்புக்குப் பதிந்துவிடுங்கள்.

3. குழந்தைப் பராமரிப்புத் தகுதி அல்லது அடிப்படைப் பயிற்சிக்கான சான்று.

4. நடப்பில் உள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு.

5. பிள்ளைப் பாதுகாப்புக்கு நீங்கள் பின்பற்றும் நடைமுறை, எழுத்தில். ஒரு பக்கம் போதும். ஆனால் அதில் உள்ளது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, முகவரி, பெற்றோரின் தொடர்பு எண், ஒவ்வாமை பற்றிய குறிப்பு, விபத்துக் குறிப்பேடு, மருந்து கொடுக்கப் பெற்றோர் எழுதித் தந்த அனுமதி.

நம்மவர்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் சேர்ந்திருக்கும், சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும்; 'ஃபாத்திமா' ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடி, வேறிடத்தில் குறைந்து நிற்கும். எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் ஆஃப்ஸ்டெட்டுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

காகிதத்தை விடக் கடினமான கேள்வி

கோப்பு சரியாக இருந்தும் சகோதரிகள் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. "இந்தப் பிள்ளையின் உடம்பில் விளக்க முடியாத காயத்தைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? அதற்குக் காரணம் வீட்டில் உள்ளவராகவே இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்?"

"வீட்டுப் பெரியவரிடம் பேசிப் பார்ப்பேன்", "குடும்ப மானம், வெளியே சொல்ல மாட்டேன்" என்று நம் வளர்ப்பு சொல்ல வைக்கும். இது தவறான பதில். பார்த்ததையும் பிள்ளை சொன்னதையும் தேதி, நேரத்தோடு அப்படியே எழுதி வைத்து, உள்ளூர் கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 999. பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அதற்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. அந்தக் கவுன்சில் பிரிவின் எண் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

பிறர் குறையை மறைப்பது மார்க்கம் போற்றும் பண்புதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு நடக்கும் அநியாயத்தை மறைப்பது அதில் சேராது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளை (4:58) நம்மிடம் விடப்பட்ட பிள்ளைக்கும் பொருந்தும்.

அடிப்பது பற்றியும் கேட்கலாம். "ரெண்டு தட்டு தட்டுங்கள், பரவாயில்லை" என்று பெற்றோரே சொன்னாலும், பதிவு பெற்ற நேனி பிள்ளையை அடிக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை நபியவர்கள் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்று அறிவித்திருப்பதை (புகாரி, முஸ்லிம்) நினைவில் வைத்தால் இந்த விதி நமக்குப் பாரமாகத் தெரியாது.

பேசிப் பழகுங்கள்

ஆய்வாளர் ஆங்கிலத்தில்தான் கேட்பார். நீண்ட வாக்கியங்கள் தேவையில்லை. காய்ச்சல் வந்தால், தொண்டையில் உணவு சிக்கினால், தீப்பிடித்தால், பிள்ளை பூங்காவில் காணாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதைக் கணவரிடமோ மகளிடமோ எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்கும்படி சொல்லலாம்.

ஹிஜாபோ தொழுகையோ ஆய்வில் குறையாகாது. ஆனால் தொழும் நேரத்தில் பிள்ளை எங்கே, யார் பார்வையில் இருக்கும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மாற்று மதத்தவரின் பிள்ளையானால், உணவிலும் பழக்கத்திலும் அந்தப் பெற்றோரின் விருப்பத்தை மதிப்பதும் உங்கள் பொறுப்பு.

ஆய்வாளர் ஒரு நாள் வந்து கேட்பதை, பிள்ளையை விட்டுச் செல்லும் தாய் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். அவளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பவர் ஆய்வுக்கும் தயாராகவே இருப்பார், இன்ஷா அல்லாஹ்.