இடஞ்சார் ஒலிக்கலவை

இடஞ்சார் ஒலிக்கலவை என்பது ஒரு பாடலின் ஒவ்வோர் ஒலியும் கேட்பவரைச் சூழ்ந்த வெளியில் எத்திசையிலிருந்து வரவேண்டும் என்ற குறிப்புடன் அமைக்கப்படும் இசைக்கலவை ஆகும். டால்பி அட்மாஸ், சோனி 360 ரியாலிட்டி ஆடியோ என்பன இதன் அறியப்பட்ட வடிவங்கள். 2012 இல் திரையரங்குகளுக்காக அறிமுகமான அட்மாஸ், 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் சேவையில் சேர்க்கப்பட்ட பின்னர் ஹெட்போனில் இசை கேட்போரிடையே பரவியது.

செயற்படும் முறை

ஸ்டீரியோவில் இடம், வலம் என இரு தடங்களே உள்ளன. ஆலன் புளூம்லைன் 1931 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இம்முறை ஒலிபெருக்கிகளை மனத்திற்கொண்டது. ஒலிபெருக்கியில் இடப்பக்க ஒலி சற்றுத் தாமதமாக வலக்காதையும் சென்றடையும். ஹெட்போனில் அவ்வாறு நிகழாது. ஆகவே பாடகரின் குரல் முன்னாலன்றித் தலைக்குள்ளேயே கேட்கிறது. பீட்டில்சு குழுவின் ரப்பர் சோல் (1965) தொகுப்பின் முதல் ஸ்டீரியோ கலவையில் குரல்கள் பெரும்பாலும் வலத்தடத்திலேயே உள்ளன. அதை ஹெட்போனில் நெடுநேரம் கேட்பது களைப்பூட்டும்.

அட்மாஸ் கலவையில் 128 தடங்கள் வரை இருக்கலாம். எனினும் ஹெட்போனுக்கு அவை மீண்டும் இரு தடங்களாகவே மாற்றப்படுகின்றன. இரு காதுகளையும் ஒலி அடையும் நேர வேறுபாடு, தலை மறைப்பதால் குறையும் ஒலியளவு, செவிமடல் ஏற்படுத்தும் அதிர்வெண் மாற்றம் ஆகியவற்றை மென்பொருள் கணித்துச் சேர்க்கிறது. செவிமடல் ஆளுக்காள் வேறுபடுவதால், ஒருவருக்குப் பின்னால் கேட்கும் கிட்டார் மற்றொருவருக்குத் தலைக்கு மேலே கேட்கலாம். 2022 இல் ஐபோன் படக்கருவியால் காதை அளந்து இக்கணிப்பைத் திருத்தும் வசதி வந்தது.

ஒப்பிடுதல்

இரண்டையும் ஒப்பிடுமுன் ஒலியளவைச் சமப்படுத்துவது இன்றியமையாதது. அட்மாஸ் இசைக்கு −18 எல்.கே.எஃப்.எஸ் என்ற உச்சவரம்பு உண்டு. ஸ்டீரியோப் பாடல்கள் பல இதைவிட மிக உரத்தவை. உரத்தது எதுவோ அதுவே காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். இரு கலவைகளையும் வெவ்வேறு பொறியாளர்கள் செய்திருப்பதும் உண்டு. அப்போது ஒப்பிடப்படுவது தொழில்நுட்பம் அன்று, இருவரின் இரசனையே.

சேர்ந்திசை, பல்லியம், மேடைப்பதிவு ஆகியவை இடஞ்சார் கலவையால் பயன்பெறுகின்றன. இறுக்கமான ராக் இசையில் குரல் பின்தங்கி முரசு வலுவிழப்பதாகப் பலர் குறைகூறுவர். பொறியாளர் டால்பி மென்பொருளில் ஒவ்வொரு தடத்துக்கும் அண்மை, நடு, தொலைவு எனக் குறிக்கலாம். ஆப்பிள் மியூசிக் அக்குறிப்புகளைப் பயன்படுத்தாமல் தன் முறைப்படியே ஒலியை அமைப்பதால், கலவைக்கூடத்தில் கேட்டதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாக இரா.

தலையசைவைப் பின்தொடரும் ஹெட்போன்களில் முன், பின் குழப்பம் குறைகிறது. ஆனால் தெருவில் நடப்பவர் திரும்பினால் பாடகர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். சிறிது நேரத்தில் மென்பொருள் அவரை மீண்டும் முன்னால் கொண்டுவரும்.