களப்பின் அக்கரையில் ஒரு வாலிபர் குழு

அமெரிக்காவில் பெரும்பாலான படங்கள் ஓரிரு சுருள்களுக்குள் அடங்கியிருந்த 1912ஆம் ஆண்டிலேயே, டி. டபிள்யூ. கிரிபித் என்னும் நெறியாளர், நியூயார்க் நகரத்து ஏழைகள் நெருங்கி வாழும் சந்தில் உலாவும் போக்கிரி வாலிபரைப் பொருளாகக் கொண்டு, ‘தி மஸ்கட்டியர்ஸ் ஆப் பிக் அலி’ என்னும் ஏறத்தாழப் பதினேழு நிமிடச் சித்திரத்தைச் சிருஷ்டித்தார். ஆதலால் வாலிபர் குழுவைக் குறும்படத்துக்குள் அண்மையில் நுழைந்த விஷயமாகக் கருதுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

அதில் வறிய இசைக்கலைஞன் ஒருவன் சம்பாதித்து வந்த பணத்தைச் சந்துப் போக்கிரி பறிக்கிறான். எதிர்க்குழுவோடு துப்பாக்கிச் சண்டை மூள்கிறது. சுவரோரமாக நழுவி வரும் அப்போக்கிரியின் முகம் திரையை நிறைக்கும் காட்சியைப் பலரும் புகழ்வர். என் உள்ளத்தைப் பிணித்ததோ இறுதிக் காட்சி: காவலரிடமிருந்து தப்பியவனிடம், கதவுக்கு அப்பாலிருந்து முகம் தெரியாத ஒரு கை பணத்தை நீட்டுகிறது. ஆயுதம் ஏந்தியவனைப் போஷிப்பவர் யார் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. சமூக யதார்த்தம் என்று நான் கொள்வது அந்தக் கேள்வியையே.

மெக்சிக்கோ நகரத்துத் தெருச் சிறுவரைப் பற்றி லூயி புனுவல் 1950இல் எடுத்த படமும் அதே கேள்வியைப் பசியின் மொழியில் கேட்டது.

இலங்கையில் அதை முன்னெடுத்தவர் தர்மசேன பத்திராஜ. வேலையற்ற நகரத்து வாலிபரை 1974இல் ‘அஹஸ் கவ்வ’ படத்திலே காட்டிய அவர், 1977இல் யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்து, 1978இல் ‘பம்பரு எவித்’ படத்துக்காகப் புத்தளம் களப்பின் அக்கரையிலுள்ள கற்பிட்டிக்கு வந்தார். நகரத்திலிருந்து தோழர் புடைசூழ வரும் விக்டர், மீன் வியாபாரத்தைத் தன் பிடிக்குள் கொணர முற்பட்டு, அவ்வூர் வியாபாரியான அன்ரனோடு மோதுகிறான். மீனுக்கு விலை நிர்ணயிப்பவன் யார் என்பதே அங்கு மோதலின் மூலம். காதலும் கொலையும் அதிலிருந்தே கிளைக்கின்றன. நம் கரையோர வாழ்வை இவ்வளவு நேர்மையாக நோக்கிய வேறொரு படத்தை நான் அறியேன்.

புலம்பெயர்ந்த தமிழரிடையே, லெனின் எம். சிவம் 2009இல் வெளியிட்ட ‘1999’ ரொறன்ரோவின் தமிழ் இளைஞர் குழுக்களை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் இலங்கையில் போர் ஓய்ந்த பின், வடக்கிலே வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய செய்திகள் பெருகின. கமராவும் எளிதில் கைக்கெட்டும் பொருளாயிற்று. அச்சாதனம் வந்த வேளையிலேயே, தமிழ்நாட்டு வணிகப் படங்களைப் பின்பற்றி வாள்வீச்சை அழகு பார்க்கும் ஆசையும் உடன் வந்தது. அவ்வாசையைக் குறும்படத்தின் வீழ்ச்சியென்றே நான் கருதுகிறேன்.

புத்தளத்திலுள்ள எங்கள் தில்லையடிக்கும் இந்தக் கேள்வியில் ஒரு பங்குண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், முகாம்களிலும் ஓலைக் குடிசைகளிலும் இங்கே ஜீவனத்தைத் தொடங்கி, வெங்காயத் தோட்டங்களில் கூலிகளாய் உழைத்ததும், வந்தவரும் முன்பிருந்தவரும் நிலத்தையும் நீரையும் வேலையையும் பங்கிட நேர்ந்ததும் இவ்வூர் வாலிபர் தம் பெற்றோரிடம் இன்றும் கேட்டறியக்கூடியவை. குறும்படம் எடுக்க முனையும் தம்பி தங்கையரே, ஒரு சண்டையைப் படமாக்குமுன் அன்றைய கூலி எவ்வளவு, அதைக் கொடுத்தவர் யார் என்பதை விசாரியுங்கள். கதவுக்கு அப்பாலிருந்து நீளும் அந்தக் கையையும் காட்டுங்கள்.