தோட்டத்து முதுமையும் மேற்பார்வையாளர் சுமையும்

புக்கிட் ரோத்தானைச் சூழ்ந்த கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரப்பரையும் செம்பனையையும் முதலில் எழுதுவர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துத் தென்னமரத்தில் ஹென்ரி ஃபோக்கோனியே என்பவரால் அமைக்கப்பட்டதையும் குறிப்பர். அம்மரங்களோடு மூத்த மனிதரைப் பேணியவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

உழைப்பைக் கண்காணிக்கத் துரை, கிராணி, கங்காணி எனத் தோட்டத்தில் ஓர் ஏணி இருந்தது. உழைத்து ஓய்ந்தோரைப் பேண அத்தகைய ஏற்பாடு இல்லை. அச்சுமை தோட்ட மருத்துவமனை டிரெசர் மீதும் லயத்தை அறிந்த கங்காணி மீதும் சொல்லாமலே விழுந்தது. மேலே செலவுக்குக் கணக்குக் கேட்கும் நிருவாகம். கீழே மருந்துக்குக் காத்திருக்கும் முதியவர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதே மேற்பார்வையாளரின் இடர்ப்பாடு.

1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்ற நிதி, ஆட்களைக் கொணரும் செலவுக்கே முதலிடம் தந்தது. உழைப்பு வேண்டாதபோது தாயகத்துக்குத் திருப்பியனுப்புவதே அந்நாளைய தீர்வு. 1930களின் பொருளாதார மந்தத்தில் பல்லாயிரவர் அவ்வாறு கப்பலேறினர். பின்னர் மலாயாவையே தாயகமாகக் கொண்டோர் இங்கேயே மூத்தனர். 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. 55 வயதில் சேமிப்புக் கைக்கு வந்தது. ஆயினும் வேலையோடு லயத்து வீடும் போயிற்று. 1958இல் குடியேற்ற நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. ஆதரவற்ற முதியோர்க்கு இல்லம் அமைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1999இல் அந்நிதியும் கலைக்கப்பட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பல, வீடமைப்பு நிலங்களாயின. பிள்ளைகள் பட்டணம் சென்றனர். முதியோர் இல்லங்கள் பெருகின. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் இல்லங்களை 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டம் பதிவுக்குள் கொணர்ந்தது.

டிரெசர் நின்ற இடத்தில் இன்று இல்ல மேற்பார்வையாளர் நிற்கிறார். இரவுப் பணிக்கு ஆள் வராவிடில் அவரே விழித்திருக்க வேண்டும். உண்ண மறுக்கும் மூதாட்டியை வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா என்று அப்பொழுதே முடிவெடுக்க வேண்டும். தமிழன்றி வேறு மொழி அறியாதவரின் வலியை, தமிழறியாப் பணியாளருக்கு விளக்க வேண்டும். வராத மகனுக்காகக் காத்திருப்பவரிடம் பொய்யும் சொல்லலாகாது, மெய்யும் சுடும். குறைந்த ஊதியத்தால் பணியாளர் விலக விலக, பழக்கிய கைகளை மீண்டும் புதிதாய்ப் பழக்க வேண்டும்.

இப்பணிக்குக் கங்காணியின் கண்டிப்பு மட்டும் போதாது. டிரெசரின் கைத்திறனும் வேண்டும். இரண்டையும் தரும் முறையான பயிற்சியும் வேண்டும். 2030ஆம் ஆண்டளவில் மலேசிய மக்களுள் 100க்கு 15 பேர் 60 வயதைக் கடந்திருப்பர் எனக் கணிக்கப்படுகிறது. முதியோரைப் பேணுவோரைப் பேணாத சமுதாயம், முதியோரைப் பேணியதாகாது.