கொத்தலஹிம்புட்டு: சீனி வருத்தத்துக்குக் கோப்பைத் தண்ணீர் போதுமா?

சீனி வருத்தம் உள்ள பல வீடுகளில் கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பை ஒன்று இருக்கும். இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காலையில் தண்ணீர் செம்மஞ்சளாக மாறியிருக்கும். அதை வெறும் வயிற்றில் குடிப்பார்கள்.

தமிழ் மருத்துவத்தில் கடலழிஞ்சில் எனப்படும் இது, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் ஒரு மரக்கொடி. இதன் தாவரவியல் பெயர் சலேசியா ரெட்டிகுலேட்டா. வேரும் தண்டுமே மருந்தாகின்றன. நாட்டு வைத்தியர்கள் துண்டுகளை அவித்துக் கசாயமாகவும் கொடுப்பர்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியத்தை அது தடுக்கிறது. அதனால் சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி மெதுவாகவே ஏறுகிறது. அகார்போஸ் என்ற ஆங்கில மருந்தும் இவ்வாறே வேலை செய்கிறது. இலங்கையில் 51 நோயாளிகளிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், இத்தேயிலையை மூன்று மாதம் குடித்தபோது மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு சற்றுக் குறைந்திருந்தது.

‘சற்று’ என்பதைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், கோப்பை இருக்கிறதே என்று கிளினிக் மருந்தை நிறுத்தினார். காலில் வந்த சிறு புண் ஆறவில்லை. ஈற்றில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கோப்பை அவரை ஏமாற்றவில்லை; மாத்திரையின் வேலையை அதனிடம் கொடுத்ததே பிழை.

கவனிக்க வேண்டியவை:

• மாத்திரை அல்லது இன்சுலினோடு சேரும்போது சீனி அளவு அதிகம் இறங்கலாம். வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

• அப்படி இறங்கினால் சீனித் தண்ணீர் வேகமாக உதவாமல் போகலாம்; அதை உடைக்கும் நொதியமும் தடுக்கப்படுகிறது. குளுக்கோஸ் மா கைவசம் இருக்கட்டும்.

• வயிற்றுப் பொருமல், வயிற்றோட்டம் ஏற்படலாம்.

• கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இலங்கையில் எலிகளில் செய்த ஆய்வில் வேர்ச்சாறு கருவைப் பாதித்தது.

வேருக்காகத் தோண்டினால் கொடியே அழியும். ஆகவே நம்பகமான ஆயுர்வேதக் கடையில் வாங்குங்கள். வசதியுள்ளோர் ஒரு கன்று நடுங்கள். கோப்பை மேசையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் மாத்திரையும் கிளினிக் கொப்பியும் இருக்க வேண்டும்.