வைட்டமின் டி (உடல் பருத்த சிறாரும் இன்சுலின் எதிர்ப்பும்)

உடல் பருத்த சிறாரின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது வழக்கம். கொழுப்பில் கரையும் இச்சத்து கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடுவது ஒரு காரணம். எனவே அளவை உயர்த்த, மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத் தேவைப்படலாம். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் வைட்டமின் டியின் ஏற்பி உண்டு. அதனாலும், இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையை, இது தணிக்கும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான வளரிளம் பருவத்தினர் 35 பேரில் ஒரு பிரிவினர் தினம் 4,000 சர்வதேச அலகு (IU) வைட்டமின் டி3 ஆறு மாதம் உட்கொண்டனர். வெறும்வயிற்று இன்சுலின் குறைந்தது. நம்பிக்கையூட்டும் முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வு. குறைந்த அளவு கொடுத்த வேறு சோதனைகளில் இப்பலன் தென்படவில்லை. பற்றாக்குறையைச் சரிசெய்வது எலும்புக்கு அவசியம். எடைக்குறைப்புக்கும் உடலுழைப்புக்கும் மாத்திரை ஈடாகாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், ஆகவே மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.